சடையாண்டி வீட்டு வெந்தயக் கீரை

உருட்டுப்பாறையில் அறிவுக்குப் பஞ்சம் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அது தவறு. பஞ்சம் என்றால் ஒரு காலத்தில் இருந்து தீர்ந்திருக்க வேண்டும். அந்த ஊரில் அது இருந்ததே கிடையாது.

அந்த ஊரிலும் பொறுக்கி எடுத்த மாதிரி மூன்று பேர்: சடையாண்டி, வேம்பையன், மண்ணாங்கட்டி. கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள். மூத்தவன் சடையாண்டிக்கு நாற்பத்தொரு வயதில் ஒருவழியாகச் சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணின் அப்பா குழந்தைவேலு, "இன்னும் பன்னிரண்டு நாள்ல வீடு பார்க்க வர்றேன்" என்றார். சடையாண்டி வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "வாங்க மாமா, எங்க வீட்டுல விளைஞ்ச கீரையிலயே விருந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். வீடு இருப்பதோ வெறும் பாறை மேல். அங்கே புல்லே யோசித்துத்தான் முளைக்கும்.

கையில் முந்நூறு ரூபாய். தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்த அலுவலர் அம்மா நிதானமாகச் சொன்னார்:

"மண்ணே வேணாம்ப்பா. வீட்டுக்குள்ளயே வளர்க்கலாம், செலவும் கம்மி. வேண்டாத டப்பா இருந்தா எடுத்துக்குங்க. வாயில வலைத்துணி கட்டி வெந்தயத்தைத் தூவுங்க. அடியில தண்ணி, அதுல இந்த உரக் கரைசல் ரெண்டு மூடி. ஜன்னல் வெளிச்சம் போதும். மண்ணு மட்டும் ஒரு துளிகூடச் சேரக் கூடாது. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை மாத்திடுங்க."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலையால் ஆன உபகாரம் அதோடு சரி.

வீட்டில் இருந்த டப்பா எல்லாம் வேண்டிய டப்பா. ஆகவே கடையில் மூன்று புது டப்பா வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் சிக்கல் புரிந்தது.

"காசு குடுத்து ஆசையா வாங்கியிருக்கோம். இது எப்படி வேண்டாத டப்பா ஆகும்?" என்றான் சடையாண்டி.

வேம்பையன் யோசித்தான். "நம்ம சித்தப்பா எப்ப நமக்கு வேண்டாதவராப் போனாரு?"

"சண்டை போட்டப்புறம்."

"அப்ப போட்டுட வேண்டியதுதான்."

அன்று முழுவதும் மூன்று பேரும் டப்பாக்களைத் திட்டித் தீர்த்தார்கள். இரண்டு டப்பா மத்தியானத்திலேயே வேண்டாததாகிவிட்டது. மூன்றாவது எதிர்த்துப் பேசாத குணம். பொழுது சாய்கிறவரை தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய பிறகுதான் அதோடு உறவு முறிந்தது. அன்று ராத்திரியே தண்ணீர் ஊற்றி, வலைத்துணி கட்டி, வெந்தயத்தைத் தூவினார்கள்.

மறுநாள் மண்ணை ஒழிக்கும் வேலை. சோற்றுப்பானை மண், உடைத்தார்கள். அடுப்பு மண், இடித்தார்கள். சடையாண்டி அண்ணாந்து பார்த்தான். கூரை ஓடும் மண்தான். அதையும் இறக்கிவிட்டுக் கீழே பார்த்தால், கடைசித் தம்பி நிற்கிறான்.

"டேய் மண்ணாங்கட்டி! நீ எப்படிடா உள்ள இருக்கலாம்?"

"நான் நல்லாக் குளிச்சிட்டு வந்துடவா அண்ணே?"

"மண்ணாங்கட்டி குளிச்சா சேறாயிடுவே. வீடு முழுக்க வழியும். வெளியே போ."

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்ததால் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். போன இடத்திலிருந்து ஒரு சந்தேகம் கேட்டான்: "செங்கல்லை எதுலண்ணே செய்யிறாங்க?"

அவன் கேட்காமல் இருந்திருந்தால் சுவராவது மிஞ்சியிருக்கும். மூன்று நாளில் நான்கு சுவரையும் பெயர்த்து ஓடையில் கொட்டினார்கள். மரத்தில் செய்த வாசக்காலும் கதவும், ஒரு ஜன்னலும் மட்டும் கல் முட்டுக் கொடுத்து நின்றன. வீட்டில் மண் துளிகூட இல்லை. வீடும் இல்லை.

"வீட்டுக்குள்ள வளர்க்கணும்னாங்களே?" என்றான் வேம்பையன்.

"கதவுக்கு இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே. இதுகூடத் தெரியாதா?" என்றான் சடையாண்டி. அன்றிலிருந்து யாரும் கதவைத் திறக்காமல் உள்ளே போனதில்லை. இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்த மண்ணாங்கட்டிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து வந்து கதவைத் தட்டுவான். வேம்பையன் காலையில் வெளிச்சம் வர ஜன்னலைத் திறப்பான், சாயங்காலம் சாத்துவான்.

நான்காம் நாள் தண்ணீரை மாற்றினார்கள். முதல் டப்பாத் தண்ணீர் இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலாவதுக்கு. எட்டாம் நாளும் அப்படியே. இத்தனைக்கும் கீரை முளைத்தது. வெந்தயத்துக்கு இருந்த புத்தியைத்தான் மெச்ச வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் கதவைப் பூட்டி, ஜன்னலுக்குக் கொக்கி போட்டுவிட்டு, மாமாவை அழைத்துவர மூவரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

குழந்தைவேலு பாறை மேல் ஏறி வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "வீடு எங்க மாப்பிள்ளே?"

"வாசல்லதான் நிக்கிறீங்க மாமா. செருப்பை மட்டும் கழட்டிடுங்க, மண்ணு ஒட்டியிருக்கும்."

கதவுக்குப் பின்னால் மூன்று டப்பாவும் மொட்டையாகக் கிடந்தன. நடுவில் ஒரு வெள்ளாடு நின்று கடைசி வாயை மென்றுகொண்டிருந்தது.

சடையாண்டி பூட்டை இழுத்துப் பார்த்தான். வேம்பையன் கொக்கியைப் பார்த்தான்.

"பூட்டு பூட்டினபடி இருக்கு."

"கொக்கி போட்டபடி இருக்கு."

"அப்ப வெளியிலிருந்து ஒண்ணும் உள்ள வரலை."

"வரலைன்னா..."

இருவரும் ஆட்டைப் பார்த்தார்கள். சடையாண்டியின் கண் கலங்கிவிட்டது.

"மாமா! கீரைதான் போட்டோம். ஆடா விளைஞ்சிருக்கு! பன்னிரண்டே நாள், கொம்போட!"

குழந்தைவேலு கழற்றிய செருப்பைக் கையில் எடுத்தார். தோளிலிருந்து துண்டு விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் பாறையிலிருந்து இறங்கி ஓட்டமாக ஓடினார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்பது உருட்டுப்பாறையைத் தவிர எல்லா ஊருக்கும் தெரியும்.

"மாமா ஏன்டா இப்படி ஓடுறாரு?" என்றான் சடையாண்டி.

"விவசாயிண்ணே அவரு, பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டாரு," என்றான் வேம்பையன். "கடை சாத்துறதுக்குள்ள வெந்தயம் வாங்கணும்ல?"