மற்றும் பலர் என்று அழைக்கப்பட்ட சக்கரம்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருப்பவை எல்லாம் வாய்விட்டுப் பேசும். ஆதன் என்ற முதல் மனிதனின் உடம்பில் ஏழு சக்கரங்கள் குடியிருந்தன. ஆறுக்குப் பெயர் உண்டு. முதுகுத்தண்டின் அடியில் இருந்த ஏழாவதற்குப் பெயர் இல்லை. அதற்கு நேர்ந்த அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை பிசகினால் எதிர்த்தரப்புக்குத்தான் வசதி.

முதல் அநீதி, இடம். உச்சந்தலையைச் சகஸ்ராரம் எடுத்துக்கொண்டது. புருவ நடுவை ஆக்ஞையும், தொண்டையை விசுத்தியும், நெஞ்சை அனாகதமும், தொப்புளை மணிபூரகமும், அடிவயிற்றைச் சுவாதிஷ்டானமும் பிடித்துக்கொண்டன. கடைசிச் சக்கரத்துக்கு ஆதன் உட்காரும் இடம் ஒதுக்கப்பட்டது.

இரண்டாவது அநீதி, இதழ். சகஸ்ராரம் தனக்கு ஆயிரம் இதழ் வைத்துக்கொண்டது. நடுவில் இருந்தவை பதினாறு, பன்னிரண்டு, பத்து, ஆறு என்று பிரித்துக்கொண்டன. ஆக்ஞை இரண்டோடு நிறுத்திக்கொண்டது. ஆணையிடுவதற்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. பந்தி கலைந்தபோது மீந்தது நாலு இதழ். அதுவும் வாடியது.

மூன்றாவது அநீதி, வேலை. ஞானம், ஆணை, பேச்சு, அன்பு, பசி, ஆசை எல்லாம் மேலேயே முடிந்துபோயின. கடைசிச் சக்கரத்துக்குப் பாரம். ஆதனோடு சேர்த்து அந்த ஆறு பேரையும் சுமக்கும் பாரம்.

இந்த மூன்றையும் அது பொறுத்துக்கொண்டது. நான்காவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தினமும் காலையில் விசுத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு வருகைப் பட்டியல் வாசிக்கும். "சகஸ்ராரம், ஆக்ஞை, விசுத்தி, அனாகதம், மணிபூரகம், சுவாதிஷ்டானம்..." அப்புறம் ஒரு மூச்சு விட்டு, "மற்றும் பலர்."

ஒருநாள் கடைசிச் சக்கரம் கீழேயிருந்து குரல் கொடுத்தது. "ஐயா, ஒரு சந்தேகம். இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன். பலர் எங்க?"

"கௌரவமாத்தானே சொல்றேன்," என்றது விசுத்தி. "ஒருத்தனைப் பலர்னு சொன்னா உனக்குப் பெருமைதானே?"

"அப்ப அந்தப் பெருமையை நீங்க வெச்சுக்கங்க. எனக்கு ஒரு பேர் குடுங்க."

"மனு போடு," என்றது ஆக்ஞை.

போட்டது. மனு முறைப்படி படிப்படியாக மேலே போக வேண்டும் என்றார்கள். சுவாதிஷ்டானம் தண்ணீரில் வாழ்வது. அதன் கையில் மனு நனைந்தது. மணிபூரகம் நெருப்பில் வாழ்வது; காய வைத்துத் தருகிறேன் என்று வாங்கி ஓரத்தைக் கருக்கியது. அனாகதம் படித்துவிட்டு நெஞ்சுருக அழுதது. அழுது முடித்ததும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. விசுத்தி அதை ராகத்தோடு வாசித்துத் தன் குரலை மெச்சிக்கொண்டது. "பரிசீலனையில் உள்ளது" என்றது ஆக்ஞை. சகஸ்ராரம் தன் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தது. அறுநூற்று நாற்பதில் மனு வந்து குறுக்கிட்டதால் கோபித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

இந்தச் செய்தியைக் கீழே கொண்டு வந்தது பாம்பு. தினமும் விடிந்ததும் அடியிலிருந்து சக்தியைச் சுமந்துகொண்டு முதுகுத்தண்டு வழியாக உச்சிவரை ஏறுவது அதன் வேலை.

"பாம்பண்ணே," என்றது சக்கரம், "உங்களை அந்தப் பட்டியல்ல எப்படி வாசிக்கிறாங்க?"

பாம்பு யோசித்தது. "என்னை வாசிக்கிறதே இல்லப்பா."

"அப்ப அந்தப் பலர்ல நீங்களும் இருக்கீங்க. நாளைக்கு ஏறாதீங்க."

"ஏறாம என்ன செய்யறது? எனக்கு வேற வேலை தெரியாதே."

"உட்காருங்க. என்னைச் சுத்தி உட்காருங்க. நமக்கு மூணு கோரிக்கை. ஒண்ணு, பேர். ரெண்டு, அந்தப் பேரை முதல்ல வாசிக்கணும். மூணு, நம்மகிட்டப் பேசணும்னா அவங்க இறங்கி வரணும். ஒரு கோரிக்கைக்கு ஒரு சுத்து."

பாம்பு மூன்று சுற்றுச் சுற்றியது. வால் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இதை என்ன செய்ய?"

"இதழ் விஷயமும் இருக்கு," என்றது சக்கரம் தயங்கித் தயங்கி. "அதைப் பாதி கேட்டு வைப்போம்."

பாம்பு அரைச்சுற்றும் சுற்றி, தலையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மறுநாள் காலை தேனடை எடுக்கப் போக நினைத்த ஆதனால் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து எழவே முடியவில்லை. கால் மரத்துவிட்டது. "எழுந்திரு" என்று ஆக்ஞை ஆணையிட்டது. மூன்று முறை ஆணையிட்டது. பட்டியல் வாசிக்க வாயெடுத்த விசுத்திக்கு வெறும் காற்றுதான் வந்தது. "பசிக்குது, யாராச்சும் கேளுங்களேன்," என்று மணிபூரகம் புலம்பியது. உச்சியில் ஆயிரம் இதழும் மூடிக்கொண்டதால் சகஸ்ராரத்துக்கு எண்ண எதுவும் இல்லை.

"கீழ என்ன நடக்குது?" என்றது சகஸ்ராரம்.

"அந்த மற்றும் பலர் உட்கார்ந்துட்டாங்க," என்றது ஆக்ஞை.

"எத்தனை பேர்?"

"ரெண்டே பேருங்க."

சகஸ்ராரம் கணக்குப் போட்டது. தானே இறங்கி வந்தால் மரியாதை கெட்டுவிடும். அதனால் ஆதன் முழுதாகவே இறங்குவது என்று முடிவாயிற்று. ஆதன் பாறையிலிருந்து சரிந்து, மரத்த காலைக் கையால் மடக்கித் தரையில் சம்மணமிட்டான். பேச்சுவார்த்தைக்கென்று உச்சந்தலை அவ்வளவு கீழே வந்தது அதுவே முதல் முறை. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன பேர் வேணும்?" என்றது சகஸ்ராரம்.

"நீங்க எல்லாரும் என்மேலதான் நிக்கிறீங்க. அதை அப்படியே பேர்ல எழுதுங்க."

"சரி. முதல்லயே வாசிக்கிறோம். இதழ்?"

"அதைப் பாதிதான் கேட்டிருக்கோம்."

"அப்ப பாதியைப் பிறகு பேசிக்கலாம்."

அந்தப் பாதி இன்னும் பேசப்படவில்லை. அதனால் நாலு இதழ் நாலாகவே நிற்கிறது. பாம்பும் விலகவில்லை. கெஞ்சி மூச்சுப் பிடித்து எழுப்பினால் ஒரு நடை ஏறிவிட்டு வந்து, பழையபடி மூன்றரைச் சுற்றில் படுத்துக்கொள்கிறது.

பட்டியலைத் திருத்தி வாசிக்கச் சாட்சி வேண்டும் என்றது சக்கரம். எந்தப் பட்டியலிலும் இல்லாத இரண்டு முழங்கால்களைக் கூப்பிட்டார்கள். அவை இருபக்கமும் தரையைத் தொட்டு உட்கார்ந்தன. விசுத்தி செருமியது. பழக்கத்தில் சகஸ்ராரம் என்று தொடங்கி, பாம்பு ஒரு கண்ணைத் திறந்ததும் நிறுத்திக்கொண்டது.

அன்று முதல்தான் யோகத்துக்கு உட்காருகிறவர் எவராயினும் தரையில் காலை மடக்கி, கண்ணை மூடி, இரண்டு முழங்கால்களும் சாட்சியாக, சக்கரங்களைக் கீழிருந்து மேலாக எண்ணுகிறார். எண்ணும்போது அன்று விசுத்தி எச்சில் விழுங்கிவிட்டு உரக்க வாசித்த பெயரையே முதலில் சொல்கிறார்: மூலாதாரம்.