அடுத்த வசனம்

உபதேசியார் தவமணி அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுகிர்தாவைப் பார்க்கப் போனபோது, அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. சபைச் செயலர் பொன்னையா தம் கைப்பட எழுதிக் கொடுத்தது. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வேத வசனம் எந்த நிருபத்தில், எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருந்தது.

சுகிர்தாவின் புருஷன் டேவிட்சன் சபையின் பாடகர் குழுத் தலைவன். நல்ல குரல். பத்து நாளைக்கு முன்னால் அவன் அவளுடைய இடது கையை முறித்துவிட்டான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போதகர் ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்துச் சபைக் கமிட்டி கூடியது. சுகிர்தா புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், திரும்பும்வரை அவளுக்குக் கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது என்று தீர்மானம் போட்டது. டேவிட்சனைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தை இல்லை.

தவமணி வசனத்தை வாசித்தார். சுகிர்தா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"முடிஞ்சுதா உபதேசியாரே?"

"முடிஞ்சுதும்மா."

"முடியலையே. அதுக்குக் கீழேயே புருஷன்மாருக்கும் ஒண்ணு எழுதியிருக்கே. பொண்டாட்டிகிட்ட அன்பா இருக்கணும்னு. அதை அவுககிட்டப் போய் வாசிச்சீகளா?"

தவமணிக்குச் சுருக்கென்றது. வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் ஊழியத்துக்கு வந்தவர் அவர். வருஷா வருஷம் அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கமிட்டி. அவருக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பது சபையின் போதகர் ஜெபமலர். தவமணியைவிடப் பதின்மூன்று வயது இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை அம்மா என்பார். சனிக்கிழமை காலையில் பாடம்.

மறுநாள் பாடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் தவமணி பொரிந்து தள்ளினார்.

"வேதத்தைக் கொண்டுபோனவன்கிட்ட எதிர்க்கேள்வி கேக்குதும்மா அந்தப் பிள்ளை. என்ன தைரியம்!"

முதல்நாள் ராத்திரிதான் ஊர் திரும்பியிருந்தார் ஜெபமலர். தீர்மானத்தின் நகல் அவர் மேசைமேல் கிடந்தது. அதை நாலாய் மடித்து ஓரமாய் வைத்தார்.

"என்ன கேட்டா?"

தவமணி சொன்னார்.

"கேட்டது தப்பா அண்ணாச்சி?"

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? வேதத்துல இல்லாததையா வாசிச்சேன்?"

ஜெபமலர் அவருடைய வேதப் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தின்மேல் பரப்பினார். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தது.

"வாசிங்க."

தவமணி அந்த ஒரு வரியை வாசித்தார்.

"இன்னும் வாசிங்க."

"எப்படிம்மா வாசிக்க? கை மறைக்குதே."

"நேத்து அந்த வீட்டுல யார் கை மறைச்சுது?"

தவமணியின் காது மடல்கள் சூடேறின. யார்மேல் கோபம் என்று முதலில் அவருக்கே பிடிபடவில்லை. பொன்னையாமேலா, டேவிட்சன்மேலா? சட்டைப்பைக்குள் கையை விட்டார். சீட்டு விரலில் பட்டதும் தெரிந்துவிட்டது. அதைச் சுமந்துகொண்டு ஊர் நடுவே நடந்துபோன கால்கள் அவருடையவை.

ஜெபமலர் கைகளை எடுத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு ஆராதனையில நிருப வாசிப்பு உங்களது. எந்தப் பகுதின்னு நான் சொல்லப் போறதில்ல."

"கமிட்டி என்னைய வெளியே அனுப்பிரும்மா."

"அனுப்பும்" என்றார் ஜெபமலர். "எனக்கும் மாற்றல் போடச் சொல்லிப் பேராயருக்கு எழுதுவாங்க."

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. டேவிட்சன் வெள்ளைச் சட்டையில், பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றான். அன்றைய பாட்டை எடுத்துக் கொடுத்தபோது பெண்கள் பக்கத்தில் இரண்டொருவர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்படி ஒரு குரல்.

தவமணி வாசிப்புப் பீடத்துக்கு ஏறினார். சீட்டில் இருந்த அதே வசனத்தை வாசித்தார். முன்வரிசையில் பொன்னையா தலையை ஆட்டினார். தவமணி நிறுத்தவில்லை. அடுத்த வசனத்துக்குப் போனார். புருஷர்களே என்று தொடங்கும் அதை, டேவிட்சனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். மனைவியிடம் அன்பாயிருக்க வேண்டும், கசந்துகொள்ளக் கூடாது என்ற இடம் வந்தபோது, அதே வசனத்தை முதலிலிருந்து இரண்டாம் தடவையும் வாசித்தார்.

பொன்னையாவின் தலை நின்றுபோயிற்று. டேவிட்சன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான்.

பிறகு காணிக்கைப் படைப்பு. காணிக்கையையும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டேவிட்சன்தான் அப்பத் தட்டை ஏந்தி வந்தான். ஜெபமலர் அதை வாங்கிப் பீடத்தில் வைத்தார். ஜெபத்துக்காகச் சபை எழுந்து நின்றது.

ஜெபமலர் ஜெபிக்கவில்லை.

"காணிக்கையோட பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, யாருக்கோ தன்மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா என்ன செய்யணும்னு இயேசு சொன்னாரு?"

ஜெபமலர் சபையை வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளையிலேயே மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிருக்கோமே. காணிக்கையை அப்படியே வச்சிட்டு முதல்ல அவங்ககிட்டப் போன்னு சொன்னாரு. எனக்கு இப்ப ஞாபகம் வந்துட்டு. கை உடைஞ்ச பிள்ளைக்குத் திருவிருந்து கிடையாதுன்னு என் சபை சொல்லியிருக்கு. உடைச்ச கை அப்பத்தட்டை ஏந்திக்கிட்டு வருது. அதை வாங்கி வச்ச கை என் கை."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

பீடத்தைவிட்டு இறங்கினார். வெள்ளை அங்கியோடு நடைபாதை வழியே நடந்து, வாசலைத் தாண்டினார்.

பொன்னையா பாய்ந்து வந்தார்.

"அம்மா, இது என்ன கூத்து? குடும்பச் சண்டை வீட்டோட போச்சு! அதைக் கோயிலுக்குள்ள இழுக்காதீங்க. பேராயருக்கு எழுதுவோம்!"

"எழுதுங்க" என்றார் ஜெபமலர், திரும்பாமல். "முழுசா எழுதுங்க."

தவமணி வாசிப்புப் பீடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சபை மொத்தமும் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு என்ன தோன்றிற்றோ, செருப்பைக்கூடத் தேடாமல் வாசலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். டேவிட்சனின் அம்மாவும் அதில் ஒருத்தி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மகன் நின்ற திசையைப் பார்க்காமலே நடந்தாள்.

டேவிட்சன் நின்ற இடத்திலேயே நின்றான்.

தார்ரோட்டில் பத்து மணி வெயில் சுட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் கண்ணாடி டம்ளரும் கையுமாய் எழுந்து பார்த்தார்கள்.

சத்தம் கேட்டுச் சுகிர்தா தாய் வீட்டு வாசலுக்கு வந்தாள். போதகரின் அங்கியைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"இன்னும் என்ன வாசிக்கணும் அம்மா?"

"ஒண்ணும் வாசிக்க வரல" என்றார் ஜெபமலர். "மன்னிப்புக் கேட்க வந்தோம். வீட்டுக்குத் திரும்பிப் போன்னு சொல்ல வரல. போலீசுக்குப் போகணும்னா நான் கூட வாரேன்."

தவமணி முன்னால் வந்தார். துண்டுச் சீட்டை எடுத்து, அவள் முன்னாலேயே கிழித்தார்.

"பாதியிலே நிறுத்திட்டேன் தாயி. தெரிஞ்சேதான் நிறுத்தினேன்."

சுகிர்தா மாமியாரைப் பார்த்தாள். அந்தம்மாவால் தலை நிமிர முடியவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு இப்பச் சொல்ல எனக்கு வரல" என்றாள் சுகிர்தா.

"சொல்ல வேண்டாம்" என்றார் ஜெபமலர்.

"வெயில்ல நிக்காதீக. உள்ள வாங்க."

எல்லோரும் உள்ளே போனார்கள். இருந்த ஒரே நாற்காலியைச் சுகிர்தா போதகருக்கு இழுத்துப் போட்டாள். அவர் அவளை அதில் உட்காரவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பு கைமாறிக் கைமாறிப் போயிற்று.

தவமணி வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோயில் மணிக்கூண்டு அங்கிருந்தே தெரிந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா, அப்பமும் ரசமும் பீடத்துமேல அப்படியே இருக்கு. சனம் காத்துக்கிட்டிருக்கும். ஆராதனை பாதியில நிக்குதே?"

சொம்பு அப்போது ஜெபமலரிடம் வந்திருந்தது. அவர் குடித்துவிட்டு, அதைத் தவமணியின் கையில் கொடுத்தார்.

"நிக்குதா? இந்த ஊர்ல ஆராதனை இன்னைக்குத்தான் அண்ணாச்சி நடக்குது."