பத்தாயம் கேட்ட கேள்வி

சத்தியம். ஐஸ் பேக்டரி மாடிப்படி மேல் சத்தியம். அதன் பதினெட்டுப் படிக்கும் தனித்தனியாகப் பதினெட்டுச் சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

அந்தத் துறைமுகத்து டோக்கன் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. புதுசாக எது வாங்கி வைத்தாலும் உப்புக்காற்றில் மூன்றே மாதத்தில் செத்தது. இது மட்டும் சாகவில்லை. அதன் பெட்டிக்குள் ஒரு பூனை மூன்று தடவை குட்டி போட்டது. அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ‘நத்தை’ என்று பெயர். உலகத்திலேயே ஒன்பது இடத்தில்தான் நத்தை உண்டு. அதை எழுதிய மனுஷர் ஒருநாள் மோர் வாங்கப் போனார், இன்னும் வரவில்லை.

கடலுக்குப் போகிற போட்டு ஒவ்வொன்றும் அந்த ஆபீஸில் டோக்கன் வாங்கும். நம்பர் பதிவாகும். திரும்பி வந்ததும் நம்பரை அடித்துவிடுவார்கள். அடிபடாமல் ஒரு நம்பர் நின்றால் தேடிப் போவார்கள். பதிவே இல்லாத போட்டை யார் தேடுவார்கள்?

பழைய பதிவுப் புரோகிராம் தள்ளாடத் தொடங்கியது. புதியது ஓட வேண்டுமானால் அதற்கடியில் ‘பத்தாயம்’ என்கிற லைப்ரரி வேண்டும். மேலே இருக்கிற புரோகிராம் சொல்வதை வாங்கிக்கொண்டு போய் டிஸ்கில் சேர்க்கிற கூலிக்காரன் அது. ஆனால் வேறு சிஸ்டங்களுக்காகப் பிறந்தது. நத்தையின் பாஷை அதற்குப் புரியாது. அதைக் கூட்டிக்கொண்டு வந்து நத்தையில் குடிவைக்கிற வேலை இருதயராஜ் தலையில் விழுந்தது.

இரண்டு வருஷம் நாலு மாதம். பத்தாயம் நானூற்றுப் பதினோரு விதமாகக் கேட்கும். இடம் கொடு, கோப்பைத் திற, மணி என்ன. ஒவ்வொன்றுக்கும் நத்தையிடம் பதில் தேடி, இல்லாததைக் கையால் செய்ததில் அவருக்குக் கண்ணாடி இரண்டு தடவை மாறியது. ஐம்பத்திரண்டு வயது முதுகு, நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பதினெட்டுப் படியையும் ஏறினார். மேலே பியூலா இருந்தார். முப்பத்தாறு வயது. நத்தையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் அறிந்தவர் அவர் ஒருவரே. அதனால் பதினாறு வயது மூத்தவருக்கு அவர் குரு. அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை டீச்சர் என்பார்.

பியூலா, துறைமுகம் தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருதயராஜ் பாயில் சரிந்தார்.

“முடிஞ்சுட்டு டீச்சர்.”

“எது?”

“எல்லாம்தான். ஆயிரத்து நானூறு டெஸ்ட். ஒண்ணுகூடத் தோத்துச் சிவப்பாகல, அத்தனையும் பச்சை. திங்கக்கிழமை ஆபீஸ்ல ஏத்தப் போறேன். ஒரே ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“இனியாவது நான் தூங்கலாமா?”

“எங்கயாவது சமாளிச்சிருக்கீங்களா அண்ணாச்சி?”

அவர் தரையைப் பார்த்தார். “ஒரு இடத்துல. ஒரே ஒரு இடம்.”

“சொல்லுங்க.”

“ஒவ்வொரு பதிவுக்கும் பத்தாயம் கேக்கும், ‘டிஸ்க்ல இறங்கிட்டா?’ன்னு. நத்தைகிட்ட அதுக்குப் பதிலே கிடையாது. எழுதச் சொன்னா வாங்கி மனசுல வச்சுக்கும், தோணுறப்போ இறக்கும். நடுவுல கரண்டு போனா மறந்துரும். ஏழு மாசம் இதுலயே போச்சு டீச்சர். கடைசியில ரெண்டு வரி எழுதிட்டேன்.”

“என்ன ரெண்டு வரி?”

“எப்பக் கேட்டாலும் ‘இறங்கிட்டு’ன்னு சொல்லிரும்.”

“பத்தாயம் என்ன செய்யுது?”

“நம்பிட்டு அடுத்த வேலையப் பாக்குது.”

பியூலா இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

இருதயராஜின் போன் அடித்தது. மகள் ஜெனோவா. “அப்பா, அவுக போட்டு பன்னெண்டு மணிக்கே வரணும், மணி ரெண்டாகுது. நீங்க மாடியிலதான இருக்கீக? பாத்துச் சொல்லுங்க.”

எழுந்திருக்க முட்டி சம்மதிக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார். “டீச்சர், பச்சைப் பெயிண்ட் அடிச்ச போட்டு. என் மருமகன் போனது. வந்துட்டா?”

“வந்துட்டு.”

“வந்துட்டு மக்கா,” என்றார் போனில். “கஞ்சிய வை.”

அப்படியே பாயில் சாய்ந்தார். இரண்டு வருஷம் நாலு மாதத் தூக்கமும் சேர்ந்து வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் விட்ட குறட்டையில், ஐஸ் உடைக்கிற மெஷின்தான் ரிப்பேர் என்று நினைத்துக் கீழே இரண்டு பேர் ஸ்பேனரோடு ஓடினார்கள்.

விழித்தபோது மணி நாலு. சோம்பல் முறித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பச்சைப் போட்டு நிற்கிற இடத்தில் வெறும் தண்ணீர். ஒரு காலி பாட்டில் மிதந்தது.

“டீச்சர்! போட்டு எங்க?”

பியூலா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“வந்துட்டுன்னு சொன்னீங்களே!”

“சொன்னேன்.”

“பாத்தீங்களா?”

“வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி. திரும்பவே இல்ல.”

“ஐயோ, அவகிட்டச் சொல்லிட்டேனே! இல்லன்னா அப்பவே ஆபீஸுக்கு ஓடியிருப்பா, தேடச் சொல்லியிருப்பா. ரெண்டு மணி நேரம் போச்சே! உங்கள நம்பித்தான கேட்டேன்?”

“நம்புனீங்க. நல்லாத் தூங்குனீங்க.”

அவர் முட்டி இருப்பதையே மறந்து பதினெட்டுப் படியையும் ஆறாகத் தாண்டி ஓடினார். ஆபீஸில் சொன்னார். தேட இரண்டு போட்டு கிளம்பியது.

ஐந்தரை மணிக்குப் பச்சைப் போட்டு வந்தது. இன்ஜின் நின்றுபோனதாம், தேடப் போனவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இருதயராஜ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ணினார். ஆறு பேர். மருமகன் தலையை மட்டும் இரண்டு தடவை தொட்டார். அதற்குப் பிறகுதான் மகளுக்குப் போன் போட்டார்.

சொட்டச் சொட்ட மறுபடியும் படியேறினார். லேப்டாப்பைத் திறந்தார். அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நத்தைகிட்டதான் பதில் இல்லையே டீச்சர். அப்ப நான் என்னத்தச் சொல்ல வைக்க?”

பியூலா வெங்காயத் தோலை முறத்தில் கூட்டினார்.

“மத்தியானம் நான் என்ன சொல்லியிருந்தா, நீங்க எந்திரிச்சு ஜன்னலுக்கு வந்திருப்பீங்க?”

இருதயராஜ் இரண்டு வரியையும் அழித்தார். அந்த இடத்தில் ஒரே ஒரு பதிலை எழுதினார்: தெரியாது.

டெஸ்டுகளை ஓடவிட்டார். முந்நூற்று இருபத்தாறு சிவப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, முதல் சிவப்பிலிருந்து தொடங்கினார்.

இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று பியூலா காதுக்கு மட்டும் போகக்கூடாது. அன்றைக்கு ஸ்பேனரோடு ஓடினவர்களில் நானும் ஒருவனா என்று துருவுவார். யார் கேட்டாலும், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.