ஒருவர் மட்டும் ஏறும் மலை

ஓசூரில் ஒரு வாடகை வீட்டில், டிவிக்குக் கீழே, கேம் ஆடுவதற்கான ஒரு கறுப்பு கன்சோல் இருந்தது. அதற்கு, கையில் பிடித்து ஆட இரண்டு கன்ட்ரோலர்கள். முதலாவது பெட்டியோடு வந்தது. இரண்டாவதைக் குணசீலன் தனியாக வாங்கினான். அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் இருந்தான். இரண்டாவது கன்ட்ரோலர் அவனுடைய நண்பன் மைதீனுக்கு.

இருவரும் ஒரே தொழிற்சாலையில் வண்டிகளுக்கு வயரிங் பூட்டினார்கள். கல்யாணம் ஆகும்வரை மைதீனும் இதே வீட்டில்தான் இருந்தான். அப்போது இருந்த பழைய கன்சோலில் 'பனிமலை' என்ற கேமின் இரண்டு பாகங்களையும் இருவரும் சேர்ந்து ஆடி முடித்தார்கள். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் மலையேற வேண்டும். ஒருவன் வழுக்கினால் மற்றவன் இழுத்துப் பிடிக்க வேண்டும். மைதீன் நிறைய வழுக்குவான். குணசீலன் திட்டிக்கொண்டே இழுப்பான்.

மைதீன் ஷம்ஷாத்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிடுவான். இரண்டாவது கன்ட்ரோலருக்கு அவன் கை நன்றாகப் பழகிப்போனது. பொத்தானை உடைப்பதுபோல் அழுத்துவான். உள்ளங்கை எப்போதும் வியர்த்திருக்கும்.

"உன்னை நாசமாக்கிவிடுவான்" என்றது முதல் கன்ட்ரோலர்.

"பரவாயில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே வேலை" என்றது இரண்டாவது.

இப்படி இருக்கும்போது, ஒரு பண்டிகைத் தள்ளுபடியில் மைதீன் தன் வீட்டுக்கு ஒரு வெள்ளை கன்சோல் வாங்கினான். அது வேறு நிறுவனத்தின் கன்சோல். மறு மாதமே 'பனிமலை' மூன்றாம் பாகத்தின் அறிவிப்பு வந்தது. கறுப்பு கன்சோலில் மட்டும்தான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள்.

கறுப்பு கன்சோலுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா? எனக்கு மட்டும். வெள்ளைக்குக் கிடையாது."

"உனக்கு மட்டும் என்பதில் உனக்கு என்ன லாபம்?" என்று கேட்டது இரண்டாவது கன்ட்ரோலர்.

"வெள்ளைக்குக் கிடையாது என்பதுதான் லாபம்."

குணசீலனுக்கும் அதே சந்தோஷம்தான். கேம் ஆடுகிறவர்கள் நாற்பது பேர் இருந்த வாட்ஸாப் குழுவில் அவன் பெரிய ஆள். எந்தப் பாகம் நன்றாக இருக்கிறது, எது காசுக்குப் பிடித்த கேடு, எந்த கன்சோல் எவ்வளவு விற்றது என்று பத்தி பத்தியாக எழுதுவான். அன்றைக்கும் எழுதினான். யாரோ வெள்ளை கன்சோலுக்குப் பரிந்து பேசினார்கள். வாக்குவாதம் சூடானது. கடைசியில் குணசீலன் இப்படி ஒரு வரி போட்டான்: "மலிவா கிடைக்குதுன்னு கன்சோல் வாங்குறவனுக்கெல்லாம் கேமைப் பத்திப் பேச என்ன தகுதி இருக்கு?"

முப்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மைதீன் ஒன்றும் போடவில்லை. சற்று நேரத்தில் குழுவிலிருந்து விலகிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தொழிற்சாலை கேன்டீனில் குணசீலன் தட்டோடு வந்தால், மைதீன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். குணசீலனும் கூப்பிடவில்லை. நான் பொதுவாகத்தானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து, மேசைமேல் கிடந்த இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து அலமாரியின் கீழ் இழுப்பறையில் போட்டு மூடினான்.

இழுப்பறையில் ஏற்கனவே பதினாலு டிஸ்குகள் இருந்தன. ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.

"நீங்களெல்லாம் யார்?" என்று கேட்டது கன்ட்ரோலர்.

"நாங்கள் தள்ளுபடியில் வந்தவர்கள்" என்றது மேலே இருந்த பந்தய கார் டிஸ்க். "தீபாவளிக்கு நான்கு பேர், ஆண்டு முடிவுக்கு ஆறு பேர், மற்றவர்கள் அவ்வப்போது."

"பிடித்துத்தானே வாங்கியிருப்பான்?"

"பாதி விலை என்பதால் வாங்கினான்."

கன்ட்ரோலருக்குக் குழுவில் குணசீலன் எழுதிய வரி ஞாபகம் வந்தது.

நான்கு மாதம் கழித்து மூன்றாம் பாகம் வெளியானது. முன்பதிவு செய்திருந்ததால் முதல் நாளே வீட்டுக்கு வந்துவிட்டது. குணசீலன் விடுப்பு போட்டிருந்தான். உறையைப் பிரிக்கும் அவசரத்தில் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலைத் தேடினான். மூடவில்லை. அதனால் இரண்டாவது கன்ட்ரோலருக்குப் புது டிஸ்கோடு பேச முடிந்தது.

"வா, வா. நீ எப்படி?" என்று கேட்டது.

"என்னைப் பார்த்து அப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்றது டிஸ்க். "முன்பதிவிலேயே லட்சக்கணக்கில் விற்றிருக்கிறேன். என் மலை பழையதைவிட மூன்று மடங்கு பெரியது. பனியில் கால் வைத்தால் தடம் பதியும். காற்றடித்தால் அந்தத் தடம் மூடும்."

"எத்தனை பேர் ஏறலாம்?"

"ஒருவர்."

"கயிறு?"

"கயிறு இருக்கிறது. மறுமுனையில் இருப்பவனை நானே நடத்துவேன். அவன் வழுக்கவே மாட்டான்."

"ஒரு தடவைகூடவா?"

"வழுக்குவதற்கு மூன்றாம் பாகம் எதற்கு?"

முதல் கன்ட்ரோலர் பதினோரு நாள் ஓயாமல் உழைத்தது. ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. சூரியன் உதிக்கும் காட்சியில் குணசீலனே வாயைப் பிளந்தான். ஆனால் மூன்றாம் நாள் ஒரு செங்குத்துப் பாறையில், பழக்க தோஷத்தில், "டேய், இழுத்துப் பிடி!" என்று கத்திவிட்டான். கயிற்றின் மறுமுனையில் இருந்தவன் அதற்கு முன்பே பிடித்திருந்தான். குணசீலன் வெறும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி ஆடினான்.

பதினோராம் நாள் மாலை உச்சியை அடைந்தான். முடிவு அவன் எதிர்பார்த்ததாக இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. குழுவைத் திறந்தான். எந்த நாட்டில் எவ்வளவு விற்றது என்று அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. "யாராவது முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான். "யூடியூப்ல முடிவைப் பாத்துட்டேன்" என்றான் ஒருவன். "நாலாவது பாகம் எப்போ?" என்றான் இன்னொருவன்.

குணசீலன் நீளமாக ஏதோ அடித்தான். அழித்தான். பிறகு மைதீனுக்குப் போன் போட்டான்.

நெடுநேரம் மணி அடித்தது. "சொல்லு" என்றான் மைதீன்.

"பனிமலை முடிச்சிட்டேன்டா."

"சரி."

"கடைசில என்ன ஆகுதுன்னா..."

"சொல்லாத! கதையச் சொல்லிடாத குணா."

"உன்கிட்டதான் அந்த கன்சோல் இல்லியே. நீ எப்படி ஆடப் போற?"

சொன்ன பிறகுதான், குழுவில் எழுதியதையே தான் மறுபடியும் பேசியிருப்பது குணசீலனுக்கு உறைத்தது.

"மைதீன், அன்னைக்கு குரூப்ல நான் எழுதினது தப்புடா."

"எந்த கன்சோல் பெருசுங்கறதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான் மைதீன் மெதுவாக. "ஆயிரம் தடவை அதைப் பத்தி நாம சண்டை போட்டிருக்கோம். மலிவுன்னு சொன்ன பாரு, அதுதான் உறுத்துச்சு. ஷம்ஷாத் பக்கத்துல உக்காந்து படிச்சா. ஆறு மாசமா அவளும் நானும் சேந்து எடுத்து வச்சு வாங்கினது. இவரு உங்க ஃபிரெண்டுதானேன்னு கேட்டா. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

எதிரே பாதி திறந்த இழுப்பறை. அதில் பிரிக்காத பதினாலு உறைகள். அவன் கண் அங்கேயே நின்றது.

"தங்கச்சிகிட்ட நானே வந்து பேசறேன்" என்றான்.

"வா. கார் ஓட்டுற கேம்ல அவ என்னையே தோக்கடிக்கிறா. உன்னையும் தோக்கடிப்பா" என்றான் மைதீன். பிறகு, "இந்த ஞாயித்துக்கிழமை இருப்பியா?" என்று கேட்டான்.

ஞாயிறு மதியம் மைதீன் வந்தான். ஷம்ஷாத் கொடுத்தனுப்பிய கோழி வறுவல் டப்பாவை மேசையில் வைத்தான்.

"ரெண்டு பேர் ஆட முடியாதுடா. மூணாம் பாகத்துல அதை எடுத்துட்டானுங்க" என்றான் குணசீலன்.

"தெரியும். நான் ஆடறேன், நீ பாரு."

குணசீலன் முதல் கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனால் சும்மா உட்கார முடியவில்லை. கையை மடியில் வைத்தான், எடுத்தான், விரல்களைக் கோத்துக்கொண்டான். திரையில் மைதீன் முதல் தடவை வழுக்கியதும் இழுப்பறையை இழுத்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான். அதன் சார்ஜ் என்றைக்கோ தீர்ந்திருந்தது. விளக்கு எரியவில்லை.

"உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வராது" என்றது கறுப்பு கன்சோல்.

"எத்தனை தடவை அழுத்தினாலும் என் மலையில் ஒரு கல்கூட நகராது" என்றது டிஸ்க்.

இரண்டாவது கன்ட்ரோலரின் மேல் இரண்டு கட்டைவிரல்கள் அழுந்தியிருந்தன.

ஒரு பனிப் பிளவு வந்தது. அங்கே கயிறு கிடையாது. மறுமுனைக்காரனும் கிடையாது. தனியாகத் தாவ வேண்டும். மைதீன் தாவினான், விழுந்தான். மறுபடி தாவினான், விழுந்தான்.

"டேய், இடது பக்கம் போயிட்டுத் தாவு!"

"போறேன்டா, கத்தாத!"

"இப்போ இல்ல! இரு... இப்போ!"

விழுந்தான். இருவரும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள். பதினெட்டு தடவை விழுந்தான். ஒவ்வொரு தடவையும் குணசீலன் உடம்பை முறுக்கி, கன்ட்ரோலரைத் தூக்கி, எதையும் அசைக்காத பொத்தான்களை உடைப்பதுபோல் அழுத்தினான். கோழி வறுவல் ஆறிப்போனது.

பத்தொன்பதாம் தடவை மைதீனின் விரல் நுனி மறுகரையைப் பிடித்தது. இருவரும் எழுந்து நின்று கத்தினார்கள். பக்கத்து வீட்டில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

பிளவைக் கடந்தவர் ஒருவர் என்று கறுப்பு கன்சோல் பதிவு செய்துகொண்டது. அந்த அறையில் இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது.