மருதி இறக்கி வைக்காத குட்டி

அந்தக் காலத்தில், விலங்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, குரங்குக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குட்டி செத்தால் செத்த இடத்திலேயே போட்டுவிட்டு, தாய் கூட்டத்தோடு கிளம்பிவிட வேண்டும்.

மருதி என்ற மந்திக்கு அந்தக் கார்காலத்தில்தான் தலைச்சன் குட்டி பிறந்தது. பதினோரு நாள் பால் குடித்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் வாய் திறக்கவில்லை. மருதி உலுக்கிப் பார்த்தாள். காதில் ஊதிப் பார்த்தாள். பிறகு அதன் உடம்பில் இருந்த மழை ஈரத்தைத் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கூட்டத் தலைவன் செம்பன் வந்தான்.

"போட்டுவிட்டு வா, மருதி. இந்தப் பக்கம் பழமெல்லாம் அழுகிப்போச்சு. இன்றைக்கே பள்ளத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகிறோம்."

"வருகிறேன். இவளையும் கொண்டுவருகிறேன்."

"ஒற்றைக் கையால் எப்படித் தாண்டுவாய்? விழுந்தால் நீயும் மிஞ்சமாட்டாய்."

"வயிற்றில் சுமந்தபோது உன்னைக் கேட்டா சுமந்தேன், அண்ணே? என் மனசு எப்போது ஒப்புகிறதோ, அப்போது இறக்கி வைப்பேன்."

குரங்குகள் ஒவ்வொன்றாகக் கிளையிலிருந்து பாய்ந்து பள்ளத்தைத் தாண்டின. கீழே வெள்ளம் பாறையில் மோதிச் சீறியது. கடைசியாக மருதி குட்டியை இடக்கையில் இறுக்கிக்கொண்டு பாய்ந்தாள். அக்கரைக் கிளை வலக்கையில் அகப்பட்டது. அகப்பட்டதுமே முறியத் தொடங்கியது.

"குட்டியை விடு! இரண்டு கையாலும் பிடி!" என்று செம்பன் அலறினான்.

மருதி விடவில்லை. பக்கத்துக் கிளையைப் பல்லால் கவ்வித் தொங்கினாள்.

கரையில் நின்ற மந்திகளில் ஆத்தி என்பவள் பாய்ந்து வந்து, மருதியின் தோளைப் பற்றி மேலே இழுத்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"நான் மூன்றைப் போட்டுவிட்டு வந்தவள்," என்றாள் ஆத்தி. "ஒன்றையாவது இப்படிச் சுமந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்ளட்டுமா?"

மருதி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு குட்டியை நீட்டினாள். ஆத்தி வாங்கி மடியில் போட்டு, அதன் தலைமயிரைக் கோதினாள். மற்றத் தாய்மாரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

செம்பனும் அவர்கள் அருகே வந்து உட்கார்ந்தான். கடைசியில், "இவள் நடக்கிற வேகத்தில் நாமும் நடப்போம்," என்றான்.

ஐந்தாம் நாள், யாரும் சொல்லாமலே, மருதி தன் குட்டியை ஒரு நாவல் மரத்தடியில் கிடத்தினாள்.

செத்த குட்டியை மந்தி நாள்கணக்கில் நெஞ்சோடு சுமந்து திரிவதும், கூட்டம் அவளுக்காக நின்று நின்று போவதும் அன்று முதல்தான்.