நூன் என்றால் மூணு மணி

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனி. மேனேஜர் கலியமூர்த்தி நாலு புத்தகம் படித்தவர், அதை அடுத்தவர் தலையில் கொட்டாமல் விடமாட்டார். வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டிச் சோற்று மணி அடிப்பது கொட்டை உடைக்கிற அஞ்சலையின் வேலை.

அன்றைக்கு லாரி வந்து நிற்கிறது, சரக்கு முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு அஞ்சலை சுத்தியலை எடுத்ததும் மேனேஜர் மறித்தார்.

"போர்டுல சாப்பாடு நூனுக்குன்னுதான் போட்டிருக்கு. நூன்னா என்ன?"

"உச்சிப் பொழுதுங்க."

"அது இப்ப. ஆதியில அது லத்தீன்ல ஒன்பதாம் மணி. விடிஞ்சதுலேருந்து எண்ணினா மூணு மணி. அந்தக் காலத்துக் கிறிஸ்தவ மடத்துச் சாமியாருங்க அதுவரைக்கும் சாப்பிடாம இருந்தாங்க. நீங்களும் இருங்க. பதில் சொல்ல முடியலன்னா சுத்தியலைக் கீழ வை."

விடியலில் குடித்த கஞ்சியோடு உட்கார்ந்திருந்த அறுபது பெண்களும் கையை நிறுத்தினார்கள். அஞ்சலை பணிவாகக் கேட்டாள். "மூணுல இருந்தது பன்னெண்டுக்கு எப்படிங்க வந்துச்சு?"

மேனேஜருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. "சாமியாருங்களுக்குப் பசி தாங்கல. கொஞ்சம் கொஞ்சமா மணியை முன்னாடியே அடிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க."

"மடத்துப் பெரியவரைக் கேட்டுட்டா அடிச்சாங்க?"

"பசிச்சவன் எதுக்கு இன்னொருத்தனைக் கேக்கணும்?" என்று சிரித்தார் மேனேஜர்.

அஞ்சலை தண்டவாளத்தில் ஓங்கி அடித்தாள். அறுபது பேரும் கொட்டை எண்ணெய் பட்ட கறைக் கையைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டு தூக்குவாளியைத் திறந்தார்கள்.

"யாரைக் கேட்டு அடிச்ச?" என்று கத்தினார் மேனேஜர்.

"நாங்களும் கேக்கலைங்க" என்றாள் அஞ்சலை.