மூஞ்சி கீழே பார்த்த கார்

இந்தக் கதையைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. சொன்னவர் தாவீது சார், பொய் பேசாதவர். ஆனால் கதைக்குள் யாரோ ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றே எனக்குப் பட்டது. அவர் சொன்னபடியே சொல்கிறேன். எதையும் மறைக்கவில்லை. கவனித்துக் கேட்டால் விடை உள்ளேயே கிடக்கிறது.

ஊட்டியில் வருடந்தோறும் பழைய கார்க் கண்காட்சி ஒன்று நடந்துவந்தது. தாவீதுதான் நடுவர். அங்கு வந்து நிற்கும் கார்களின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்கு அத்துப்படி. ஆனால் பெரும்பாலான கார்கள் மலைக்கு வருவது லாரியின் மேல்தான். தார்ப்பாயைப் பிரித்து இறக்கி, கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவந்து கைதட்டல் வாங்குவார்கள். தாவீதின் சொந்தக் கார்களும் அப்படித்தான் வரும்.

அது அவருக்கே உறுத்தியதோ என்னவோ, ஒரு வருடம் புதுக் கோப்பை ஒன்றை அறிவித்தார். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிவரை சொந்த எஞ்சினில் ஏறிவரும் கார்களில் ஆகப் பழையது எதுவோ அதற்குக் கோப்பை. கயிறு கட்டி இழுக்கக்கூடாது, லாரியில் ஏற்றக்கூடாது. ஏமாற்றியவருக்கு இனி எந்தக் கண்காட்சியிலும் இடம் கிடையாது.

பொள்ளாச்சி நாச்சிமுத்து பெயர் கொடுத்தார். அவருடையது 1924-இல் செய்த அமெரிக்கக் கார். துருப்பிடித்துக் கிடந்ததைப் பதினோரு வருடம் பாடுபட்டு ஓட வைத்திருந்தார். பெட்ரோல் பம்ப் என்ற ஒன்றே அதில் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் டாங்க். அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்து முன்னால் இருக்கும் எஞ்சினுக்குப் போகும். மீதி எவ்வளவு என்று தெரிய, இருக்கையைத் தூக்கிக் குச்சியை விட்டு அளக்க வேண்டும். மைசூரோ மதுரையோ, எங்கே கண்காட்சி என்றாலும் மனைவி சரோஜினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாலையிலேயே போய்விடுவார். அந்தப் பயணங்களை எண்ணித்தான் அவர்களுக்கு வருடமே கழியும். லாரிக்காரர்கள் கேலி பேசினால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "கால் நல்லா இருக்கறவனை நாலு பேர் தூக்கிட்டுப் போறது கடைசியில ஒரு நாள்தானுங்க."

அன்று மேட்டுப்பாளையம் பெட்ரோல் பங்க்கில் நீண்ட வரிசை. நாச்சிமுத்து இருக்கையைத் தூக்கிக் குச்சியை விட்டுப் பார்த்தார். குன்னூர் வரைக்கும் பத்தும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் கிளம்பினார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தது இது.

மாலை நான்கு மணிக்கு ஊட்டி வந்து சேர்ந்தார். வந்த கார்களில் அதுவே பழையது. அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலது தோளைப் பார்த்தபடியே இறங்கினார். தாவீது தைலம் எடுத்துவந்து தன் கையாலேயே தேய்த்துவிட்டார். சரோஜினிக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. குளிர் சேரவில்லை போலிருக்கிறது என்று தாவீதே அவருக்கு வெந்நீர் வரவழைத்தார்.

கோப்பையைக் கொடுக்கும் நேரத்தில் ராஜரத்தினம் குறுக்கிட்டார். இரண்டாவது பழைய கார் அவருடையது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சோளக்கதிர் சுட்டு விற்கும் மாதியம்மாவை அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு இவர்களில் யாரையும் தெரியாது.

"மத்தியானம் இந்த வண்டிய என் கடை முன்னால நிறுத்தித் தண்ணி ஊத்தினாங்க சார். வண்டி மூஞ்சி கீழ மேட்டுப்பாளையத்தைப் பார்த்துத்தான் இருந்துச்சு. அப்புறம் பனி மூடிருச்சு, எப்படிப் போச்சுன்னு தெரியல."

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்றார் ராஜரத்தினம். ஏற முடியாமல் திரும்பி, அடிவாரத்தில் லாரி ஏறியிருக்கிறது. தார்ப்பாய் மூடிய லாரி அன்றைக்கு ஒன்றா இரண்டா?

தாவீது நாச்சிமுத்துவைக் கேட்டார். லாரியில் ஏற்றவில்லை என்றார் அவர். கீழே இறங்கினீர்களா என்றதற்கு, "ஒரு அடிகூட இறங்கலீங்க" என்றார்.

"அப்போ இந்த அம்மா சொல்றது பொய்யா?"

"நெசம்தானுங்க. தண்ணிக் குடம் குடுத்ததே அவங்கதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாச்சிமுத்துவின் முகம் இறுகியது.

"இத்தனை கார் வெச்சிருக்கறீங்க. இந்த மலைய ஒருக்கா ஓட்டி ஏறியிருந்தா இதைக் கேக்கமாட்டீங்க."

சரோஜினி ஏதோ சொல்ல வாயெடுத்தார், குரல் எழும்பவில்லை. நாச்சிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். தாவீது அவர் பெயரை அடித்துவிட்டுக் கோப்பையை ராஜரத்தினத்திடம் கொடுத்தார். அந்தக் கார் அதன்பிறகு எந்தக் கண்காட்சிக்கும் வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மாதியம்மா, நாச்சிமுத்து இருவரில் பொய் சொன்னது யார்? தாவீது பெயரை அடித்தது சரியா?

விடை: இருவரும் சொன்னது உண்மை. டாங்கில் பெட்ரோல் குறைந்து ஏற்றமும் செங்குத்தாக இருந்தால், எஞ்சின் டாங்கைவிட மேலே போய்விடும். வழிந்து வரவேண்டிய பெட்ரோல் வராது. காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏறினால் எஞ்சின் தாழ்ந்துவிடும், பெட்ரோலும் வரும். நாச்சிமுத்து பின்பக்கமாகவே மலை ஏறியிருக்கிறார். அவர் தலையை வெளியே நீட்டிக் கழுத்தைத் திருப்பியபடி ஓட்ட, சரோஜினி வளைவுக்கு வளைவு இறங்கிப் பின்னால் நடந்து, 'வரலாம், வரலாம்' என்று கத்தியிருக்கிறார். லாரியில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே இது பிடிபடப் பல வருடங்கள் ஆயின. பிடிபட்ட அன்றே தாவீது சாரிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதன்பின்தான் கேட்டேன்: "அந்தக் கழுத்தில் தைலம் தேய்த்தது உங்கள் கை, சார். கோப்பையைக் கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்ததா, முன்னாலேயே தெரியுமா?"